மூன்று ஒப்பந்தக்காரர்களும் ஒரு வாளித் தண்ணீரும்

புக்கிட் மெர்தாஜாம் நிலத்தில் வீடு கட்டப்போவது யார் என்று முடிவு செய்ய எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் நால்வர்: மயில்வாகனத்தின் மூத்த மகனான விநாசித்தம்பி என்னும் நான், என் தம்பி தயாளன், எங்கள் தங்கை அருந்ததி, அவள் மகள் சுதர்ஷினி. ஐந்தாவது ஆள் யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிலம் அப்பா வாங்கியது. அதில் வரிசை வீடுகள் கட்டி, முகப்பில் அவர் பெயரைப் பொறிப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவன் நான், என் பயத்துக்குக் காரணமும் இருந்தது. எங்கள் நிலத்துக்கு எதிரே ஒரு குடும்பம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் தூண்களை நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் முன்னால் அந்தக் குடும்பத்தின் பெயர்ப் பலகையும் நிற்கிறது. இன்று அந்தப் பெயர் வழி சொல்ல மட்டுமே பயன்படுகிறது. கூரையில்லாத இன்னார் வீடு வரும், அங்கே இடது பக்கம் திரும்பு என்று மீன் வாங்கப் போகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். அப்பாவின் பெயரை அந்த நிலைக்கு நான் விடமாட்டேன்.

"மூணு பேரும் நல்ல பேரெடுத்தவங்க. லைசன்ஸ் இருக்கு. இன்னும் என்ன அண்ணே, ஜாதகமா பாக்கணும்?" என்றான் தயாளன்.

"லைசன்ஸ நான் ஆன்லைன்ல செக் பண்ணிட்டேன் மாமா. மூணும் சரிதான்" என்றாள் சுதர்ஷினி. பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பது அவள் வேலை.

நான் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சரக்குச் சேதப் பிரிவில் இருந்தவன். ஈரம் பட்ட மூட்டைக்கும் காகிதம் சரியாகத்தான் இருக்கும். அடியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு அந்த அடி குளியலறைத் தரை. தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்துக் கட்டியவன் மற்றதையும் யோசித்திருப்பான். ஆகவே, மூவரின் சொந்த வீட்டுக் குளியலறைகளையும் நான் நேரில் பார்ப்பேன் என்று அறிவித்தேன்.

அருந்ததிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்களா அண்ணா? சம்பந்தி வீட்டு விருந்துல பாத்ரூம் எங்கன்னு கேக்க வெக்கப்பட்டு, ஃபெர்ரி ஏறி வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போன ஆளாச்சே!"

அது உண்மை. நான் திரும்பிப் போனபோது விருந்து முடிந்திருந்தது.

சனிக்கிழமை காலை சுதர்ஷினி காரை எடுத்தாள். "மாமா, மூணு வீடு இருக்கு. தண்ணி நிறையக் குடிச்சுக்குங்க" என்றாள். அவளைக் கண்டிக்க நேரமில்லை.

முதல் வீடு ஜெலுத்தோங்கில் குகன் என்பவருடையது. கூடம் முழுவதும் பளிங்கு. ஆறு வீடுகள் தாராளமாகக் கட்டலாம் என்றார். குளியலறை எங்கே என்று நான் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"பாத்ரூம் ரிப்பேர்லா, ஐயா. பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன், அங்க போய்க்கலாம்."

"எவ்வளவு நாளா ரிப்பேர்?"

"போன தீபாவளிக்கு ஒடச்சது."

நாங்கள் தேநீருக்கு நன்றி சொல்லி எழுந்துவிட்டோம்.

இரண்டாவது வீடு பத்து காவானில். லோகேஸ்வரன் வாசலுக்கே வந்து வரவேற்றார். வண்ணப் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி வீடுகள், கை கழுவுவதற்கு வாசனைச் சோப்பு. எங்கள் நிலத்தில் ஏழு வீடுகள் கட்டலாம் என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, ஒரு வாளித் தண்ணீரை நிரப்பித் தரையில் கவிழ்த்தேன்.

தண்ணீர் வடிகாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் கால்களை நோக்கி வந்து, என்னைக் கடந்து, கதவின் அடியில் நுழைந்து கூடத்துக்குப் போய்விட்டது.

வெளியே பேச்சு நின்றது.

நான் கதவைத் திறந்தேன். லோகேஸ்வரன், அவர் மனைவி, சுதர்ஷினி மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் காற்சட்டையைப் பார்த்தார்கள். அதன் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது.

"அது வாளித் தண்ணீர்" என்றேன்.

"ஆமா அங்கிள், வாளித் தண்ணிதான்" என்றார் லோகேஸ்வரன், மிகவும் இரக்கத்தோடு. "ஒண்ணும் பிரச்சினை இல்ல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். வயசான எல்லாருக்கும் வர்றதுதான்லா."

"நான் வாளியைக் கவிழ்த்தேன்!"

"கவிழ்த்தீங்க அங்கிள், கவிழ்த்தீங்க." அவர் மனைவி எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் வீட்டைச் சோதிக்கத்தான் கவிழ்த்தேன் என்று சொன்னால் விருந்தினராக வந்து வேவு பார்த்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் வேறு ஒன்றாவேன். நான் துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியேறினேன். காரில் சுதர்ஷினி சிரித்துச் சிரித்துச் சாவியைச் செருக முடியாமல் தவித்தாள்.

"வீட்டுக்கு விடு" என்றேன்.

"அப்ப மூணாவது வீடு? பரவால்ல மாமா, ஏழு வீடுன்னு சொன்னாருல்ல, இவர்கிட்டயே குடுத்துடுங்க. தாத்தா பேரு தண்ணியில மிதக்கும்."

மூன்றாவது வீடு இருந்த புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகச் சொன்னேன்.

சீனி முகம்மதுவின் வீடு சிறியது, பழையது. தேநீர் வருவதற்கு முன்பே குளியலறை எங்கே என்று கேட்டேன். கேட்பதில் எனக்குப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் நல்ல பிள்ளையாக வடிகாலுக்குப் போனது. உடனே கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, சரிவு பாக்குறீங்களா?"

நான் காலி வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"கால் கழுவுற சத்தம் வேற, வாளி கவுக்குற சத்தம் வேறண்ணே. நடுவுல ஊத்துனா எல்லா வீடும் பாஸாகிடும். கதவுக்குப் பின்னால மூலையில ஊத்துங்க."

ஊற்றினேன். அந்த மூலையில் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்கு அப்படியே நின்றது. கதவைத் திறந்தேன்.

"அது என் தப்பு" என்றார் சீனி முகம்மது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "கொத்தனாரு பெருநாளுக்குப் போய்ட்டாரு. ஒரு மூலைதானேன்னு நானே கல்லு பதிச்சேன். பதினோரு வருஷமா வீட்டுக்காரி காலையில துடைக்கிறா, துடைக்கும்போது என்னைத் திட்டுறா. அன்னையிலேருந்து கொத்தனாரு இல்லாம நான் கல்லு பதிக்கிறதில்ல."

எங்கள் நிலத்தை அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தார். மழை பெய்த மறுநாள் போனாராம். "ஆறு வீடு கட்ட முடியாதுண்ணே. பின்னால இருக்குற கால்வாய் நெறஞ்சா கடைசி வீட்டு அடுப்படிக்கு வந்துரும். அஞ்சுதான். ஆறு வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

"ஏழு கட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரே?" என்றாள் சுதர்ஷினி.

"கட்டலாமே. ஏழாவது வீட்டுல மீன் வளக்கலாம்."

தயாளன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டு வீட்டை ஒரு வாளித் தண்ணீருக்காக விட்டுக்கொடுத்தேன் என்றான். அவனைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு அழைத்துப்போய், கூரையில்லாத வீட்டின் எதிரே காரை நிறுத்தச் சொன்னேன். யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சந்தைக்கு வழி கேட்டார். தயாளன் பதில் சொல்ல வாயெடுத்தான். அந்தக் குடும்பத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. "நேராப் போயி இடது பக்கம்" என்று மட்டும் சொன்னான். திரும்பி வரும்போது, அஞ்சே இருக்கட்டும் அண்ணே என்றான். திங்கட்கிழமை நான் கையெழுத்திட்டேன்.

இதற்குள் லோகேஸ்வரன் வீட்டு இரக்கம் ஊருக்குள் பரவிவிட்டது. கோவிலில் மூன்று பேர் எனக்கு மருத்துவர் பெயர் சொன்னார்கள். ஒருவர் சர்க்கரைக்கு நல்லது என்று பாகற்காய் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அவசரத்தில் தவித்த எனக்குக் கதவைத் திறந்துவிட்ட நன்றிக்காகத்தான் சீனி முகம்மதுவைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது.

அது பொய். ஐந்து வீடுதான் கட்ட முடியும் என்று சொன்னதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வீட்டிலும் எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.