அக்காவின் கேக்குக்கு ஏழு எறும்புகள் சாட்சி

நாற்பது வருடம் தராசுகளைப் பழுது பார்த்தவன் நான். எத்தனையோ கடைத் தராசுகளை நேராக்கியிருக்கிறேன். என் வாயை மட்டும் யாராலும் நேராக்க முடியவில்லை. ஆறு வயதில் அக்காவின் மிட்டாயைத் தின்றுவிட்டு, ஜன்னல் வழியே ஒரு காக்கா வந்து, காகிதத்தைப் பிரித்துத் தின்று, போகும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகச் சொன்னேன். என் சட்டைப் பையில் வரிசை கட்டி நின்ற எறும்புகளைக் காட்டி அக்கா என் காதைத் திருகினாள். அன்றிலிருந்து எழுபது வருடமாக அவள் எறும்பைத்தான் நம்புகிறாள், என்னை அல்ல.

அந்த அக்காவுக்குப் போன ஞாயிறு எண்பது வயது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் ஆறு மாதமாகச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எதையும் தொடுவதில்லை. கீரையும் முட்டையுமாக ஓட்டுகிறாள். மாத்திரை பாதியாகிவிட்டது. இனிப்பு என்று ஒரு துணுக்கு நாக்கில் பட்டதில்லை. பேரன் பிறந்தநாளில் நாங்களெல்லாம் கேக் தின்ன, அவள் ஓர் அவித்த முட்டையை நாலாக வெட்டி, மெதுவாக, கேக் தின்பதுபோலவே தின்றாள். எண்பதில் இவள் கேக் தின்றே ஆகவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பாதாம் மாவு, முட்டை, வெண்ணெய், கோகோ. சர்க்கரைக்குப் பதிலாக, பேரைச் சொன்னால் பல் சுளுக்கிக்கொள்ளும் ஒரு வெள்ளைத் தூள். எல்லாவற்றையும் என் பழைய தராசில் மயிரிழை பிசகாமல் நிறுத்தேன். முதல் கேக் செங்கல்லாக வந்தது. இப்போது வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதைக் கரண்டியால் குடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதை அடுப்பிலிருந்து எடுத்தபோது, வாசனை பிடித்து ஒரு பஸ் தன் வழியை விட்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது.

அக்கா வந்தாள். மெழுகுவர்த்தியை ஊதினாள். தட்டை நீட்டினேன்.

"இதுல ஒரு துளி சர்க்கரை கிடையாதுக்கா."

அக்கா மூக்கை மட்டும் கிட்டே கொண்டுவந்தாள். "இந்த வாசனைக்கா? டேய், காக்கா கதை சொன்ன வாய்தானே இது?"

"என் தலைமேல சத்தியம்."

"நீ பண்ண சத்தியத்துலதான் அந்தத் தலையில முடியே இல்லாமப் போச்சு."

உதவிக்கு என் மனைவியைப் பார்த்தேன். அவள் கையை விரித்தாள். "எனக்குத் தெரியாது அண்ணி. என்னை அடுப்படிக்குள்ளேயே விடல."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொல்கிறேன். வாங்க ஆளில்லை.

"ஆறு மாசமா வாயைக் கட்டி வெச்சிருக்கேன். உன்னை நம்பிக் கெடுத்துக்கவா?" என்றாள் அக்கா. குரல் லேசாக உடைந்தது. ஆனாலும் கண் தட்டை விட்டு நகரவில்லை. கடைசியில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அடுப்படி ஜன்னலோரம், எறும்பு போகும் வழியில் வைத்தாள்.

ஏழு எறும்புகள் வந்தன.

"என்னடா, இன்னைக்குக் கூட்டம் கம்மியா இருக்கு?"

"ஞாயித்துக்கிழமைக்கா."

முதல் எறும்பு கேக்கின் மேல் ஏறியது. ருசி பார்த்தது. இறங்கிவந்து அடுத்ததன் காதில் ஏதோ சொன்னது. ஏழும் திரும்பி நடந்தன. கடைசி எறும்பு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனது.

அக்கா ஸ்பூனை எடுத்தாள். முதல் வாய்க்குக் கண்ணை மூடினாள். இரண்டாவது வாய்க்கு, பத்து வயதுப் பெண்போல நாற்காலியில் காலை ஆட்டினாள். தட்டைக் காலி செய்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் கழிச்சு விரலைக் குத்திப் பார்ப்பேன். ஏறியிருந்தா உன்னைக் குத்துவேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, சர்க்கரை பார்க்கும் கருவி நூற்றுப் பதினெட்டு காட்டியது. ஏறவே இல்லை. அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதே நூற்றுப் பதினெட்டு. வீடே அதிரச் சிரித்தாள். "இன்னொரு துண்டு வெட்டுடா. பெருசா!"

ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு குவியல் சர்க்கரையைக் கொட்டி வெச்சது யாரு? ஊர்ப்பட்ட எறும்பும் இங்கதான் இருக்கு!"

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குத் தரை மிகவும் அழகாகத் தெரிந்தது.

"உண்மைக்கும் கொஞ்சம் கைத்தாங்கல் வேணும்லக்கா" என்றேன்.

அக்கா கருவியைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள்.

"இந்த மிஷினுக்குப் பின்னாடி எதையும் கொட்டி வெக்கலையே?"

"இல்லக்கா."

"நம்பித் தொலைக்கிறேன்" என்று ஸ்பூனை வாய்க்குள் விட்டாள். "அந்த ஓரத் துண்டையும் இப்படித் தள்ளு."