அணி குறையாத விண்ணப்பம்

பேட்டையில் பஞ்சு வாங்கிச் சீமைக்கு அனுப்பும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் நான் நகல் குமாஸ்தா. சாயங்காலம் பாளையங்கோட்டையில் மெட்ரிகுலேஷன் வகுப்பு. இந்த டிசம்பரில் தேறாவிட்டால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வயது தாண்டிவிடும். மற்றப் பாடங்களில் பயமில்லை. இங்கிலீஷ் இலக்கியமும் அதோடு சேர்ந்த சொல்வன்மையுமே போன தடவை என்னைக் கவிழ்த்தவை.

கேட்பவர் மனத்தை நம் பக்கம் திருப்புவதே சொல்வன்மை என்று வாத்தியார் சொன்னார். எழுதிக்கொண்டேன். அடியில், 'எனக்கு வருமா?' என்றும் எழுதினேன்.

பரீட்சைக்கு லீவு கேட்க வேண்டியிருந்தது. இதைவிட நல்ல பயிற்சி ஏது? தொடக்கத்தில் பணிவு, பிறகு படிப்படியாக ஏறும் காரணங்கள், அவர்கள் மறுத்தால் அதற்கு மறுப்பு, முடிவில் உருக்கம். உவமை, முரண் என்று ஓர் அணியையும் விடவில்லை. வகுப்பு முடிந்து திரும்பும்போது ஆற்றுப்பாலத்தின் மேல் கிருபைராஜிடம் உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். அவனும் அதே கம்பெனி, அதே வகுப்பு. புத்தகம் திறக்கிற பழக்கம் அவனுக்கில்லை. நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டே நடப்பான்.

"மறுபடியும் மொதல்ல இருந்தா? ஆத்து மீனுக்கே மனப்பாடம் ஆயிருக்கும் வே."

"முடிவுல உருக்கம் போதுமாங்கேன்?"

"லீவுதான கேக்கீரு? செத்தவன எழுப்பித் தரச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

பெரிய குமாஸ்தா அம்பலவாண பிள்ளையிடம் இருவரும் ஒன்றாகக் கொடுத்தோம். கிருபைராஜின் விண்ணப்பம் மூன்றே வரி. வரிக்கு வரி பிழை.

"ஏலே கிருபை, என்னலே இங்கிலீசு இது? கம்பெனி மானமே போயிரும். லீவு தந்தாச்சு, போயிப் படி."

என்னுடையதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உருக்கம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"நாறும்பூ, நீயா எழுதுன?"

"ஆமாய்யா."

"இம்புட்டு எழுதத் தெரிஞ்சவனுக்குப் பரீட்ச என்னத்துக்குலே? சீமைக்குப் போற காயிதமெல்லாம் இனி நீதான். தொரைகிட்டயும் காட்டுதேன்."

துரையும் வாசித்து மெச்சினாராம். எனக்கு ஜன்னலோரத்து மேசை கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. வாயால் வாதாடப் போனேன். "ஐயா... வந்து..." என்பதற்கு மேல் வரவில்லை. சொல்லாமல் பரீட்சைக்குப் போனால் வேலை போகும். வேலையும் போய்த் தேறாமலும் போனால்? என்னை நம்பி நானே துணியவில்லை.

பரீட்சை முடிந்த சாயங்காலம் கிருபைராஜ் நேராக என் மேசைக்கு வந்தான்.

"மேலதிகாரி மனசு எளகுத மாதிரி ஒரு விண்ணப்பம் எழுதுன்னு கேள்வித்தாள்ல கேட்டிருந்தான், வே."

"நீரு என்ன எழுதுனீரு?"

"எனக்கு வேற என்ன தெரியும்? பாலத்துல கேட்டதத்தான்."

"அந்த முரண்?"

"வச்சேன்."

"உவமை?"

"எல்லாத்தயும் வச்சேன். உருக்கம் எழுதுறப்ப எனக்கே கண்ணு கலங்கிட்டு."

அவன் தேறினான். தாலுகா கச்சேரியில் வேலையும் கிடைத்தது. கம்பெனிக்கு ராஜினாமா எழுதித் தரும்படி என்னிடமே வந்தான். மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன்.

"ஒரு உவமை கூட இல்லையே, ஓய்?" என்றான்.

"நல்லா எழுதுனா விடமாட்டாங்க" என்றேன்.