ஒரு துப்பாக்கி, ஒரு ஜமுக்காளம்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கு என் வாய்தான் காரணம். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, ஆளில்லாத ரோட்டில் சிக்னல் கெட்டுப்போய்ச் சிவப்பிலேயே நின்றாலும் கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருக்கிற மனுஷன். அந்த மனுஷனைத்தான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன்.

அது 1999. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் டப்ளின் என்கிற ஊரில் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு வந்து ஐந்து வருஷம் முடிந்ததும் இரண்டு பேரும் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிவிட்டு, இன்டர்வியூ கடிதத்துக்காகத் தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சிட்டிசன் ஆனால்தான் என் அம்மாவை இங்கே கூட்டிக்கொள்ள முடியும். அப்பா போன பிறகு சத்தியமங்கலம் பக்கத்தில் அவள் ஒண்டியாகக் கிடந்தாள். போன் பண்ணினால் நன்றாக இருக்கிறேன் என்பாள், பக்கத்து வீட்டு அக்கா எடுத்தால் வேறு கதை சொல்வாள்.

துப்பாக்கி எப்படி வீட்டுக்குள் வந்தது என்று கேட்பீர்கள். ஆபீஸில் இவருக்கு அடுத்த இடத்தில் டக் என்று ஒரு வெள்ளைக்காரர். ஒரு சனிக்கிழமை சுடும் பயிற்சி மைதானத்துக்கு இவரை அழைத்துப் போனார். போன இடத்தில் இவர் சுட்டது எல்லாம் நடுப்புள்ளியில் விழுந்துவிட்டது. அதற்கு முன் எதிலும் முதல் பரிசு வாங்காத மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே ஒரு கறுப்புத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார், கைப்பிடி தனியாக, தோட்டாப் பெட்டி நீளமாக, பார்க்கவே பட்டாளத்துச் சாமான் மாதிரி. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்படி.

அப்புறம் பழகிவிட்டது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தார், தோட்டாவை வேறு இடத்தில். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், கார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, நிஜமான ஆயுதம் ஒன்று வீட்டில் இருக்க அதை விடுவானேன் என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். டக்கும் அன்று சுண்டல் சாப்பிட வந்திருந்தார். பொட்டு வைத்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, தான் துப்பாக்கி பிடித்த முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

1999 பிறந்ததும் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. இந்த மாதிரித் தனிக் கைப்பிடியும் நீளப் பெட்டியும் உள்ள துப்பாக்கிகளை இனி விற்கக்கூடாது, வைத்திருப்பவர்கள் பதிவு பண்ண வேண்டும் என்றெல்லாம் டிவியில் சொன்னார்கள். டக் வீட்டு கராஜில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துப்பாக்கிக்காரர்கள் கூட்டம். நாங்களும் போனோம், நான் உளுந்து வடை கொண்டுபோனேன்.

என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். ஒருவர் எம்.எல்.ஏ.வுக்கு நாற்பது கடிதம் எழுதியிருந்தார். ஒருவர் தன்னுடையதை நெவாடாவுக்குக் கொண்டுபோய்த் தம்பி வீட்டில் வைக்கப்போகிறாராம். சட்டம் வருவதற்குள் இன்னும் இரண்டு வாங்கிவிடப் போவதாக ஒரு பெண் சொன்னாள், பள்ளிக்கூட டீச்சர். தாடிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் குழாயில் போட்டுத் தோட்டத்தில் புதைப்பது எப்படி என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எல்லாரும் என் வடையைத் தின்றுகொண்டேதான் இத்தனையும் பேசினார்கள்.

இவர் கையைத் தூக்கி, "இதை எந்த ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும்?" என்று பணிவாகக் கேட்டார்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குப் பில் எங்கே என்று கேட்டவனைப் பார்ப்பது போல எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். டக்தான் சிரித்துச் சமாளித்தார். வெள்ளியங்கிரி அவர் வாயில் நுழையாததால் இவரைக் கேரி என்றுதான் கூப்பிடுவார். யாரும் எதையும் யாருக்கும் ஒப்படைக்கப் போவதில்லை கேரி என்று முதுகில் தட்டினார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே இன்டர்வியூ கடிதம் வந்தது. நாளைக்குச் சட்டம் வந்து, நம் பெயரில் இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்று இமிக்ரேஷன்காரன் கண்டுபிடித்தால்? குழாயில் புதைக்கிறவர்களோடு இவரையும் சேர்த்து எழுதிவிட்டால்? அவர்கள் இந்த ஊர்க்காரர்கள், கத்தலாம், புதைக்கலாம். நாம் அப்படியா?

எங்கள் அப்பாவிடம் காட்டுப்பன்றி விரட்ட ஒரு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. எலெக்‌ஷன் அறிவித்தால் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் அதை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அப்பா ஜமுக்காளத்தில் சுற்றி, சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார். ரைட்டர் ஒரு ரசீது எழுதிக் கொடுப்பார், டீ வாங்கித் தருவார். எலெக்‌ஷன் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த துப்பாக்கிச் சட்டம்.

"ஏனுங் மாமா, எங்கப்பா மாதிரி நீங்களும் ஸ்டேஷன்ல குடுத்துப்போட்டு ரசீது வாங்கிட்டு வந்துருங்க," என்றேன். "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே குடுத்தா நல்ல பேருதானுங்களே. ரசீதை சிட்டிசன்ஷிப் ஃபைல்ல வெச்சுக்கலாம்."

போன் பண்ணிக் கேட்கட்டுமா என்றார். எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்குப் போன், நேரில் போனால்தான் மரியாதை என்று வாயை அடைத்துவிட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் சொன்னால் சரி என்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு ஒரு நாள் என்னை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கக்கூடாதா என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஊர் பெயர் வேண்டாம், பக்கத்து ஊர் ஸ்டேஷன். எங்கள் பத்து வயது மகள் ரோஷினியும் பின்சீட்டில் இருந்தாள், அங்கிருந்து அப்படியே அவளை நீச்சல் கிளாசில் விடுவதாக ஏற்பாடு. தோட்டா எதுவும் இல்லை. நாலு பேர் பார்த்தால் நன்றாக இருக்காது என்று எங்கள் கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமுக்காளத்தில் நான்தான் சுற்றினேன். காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, சீர்த்தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். ஜமுக்காளத்தின் முனையில் குழாய் அரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து வந்த ஒரு அம்மாள் இவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜமுக்காளத்தைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் மூடிய காருக்குள் எனக்குக் கேட்டது.

எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள், கதவுப் பக்கம் ஒருவர். மூன்று பேர் கையிலும் துப்பாக்கி. கீழே போடு, கீழே போடு என்று ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்த முகமாகத் திரும்பி, பெரிய மனுஷருக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார். கொடுக்கத்தானே வந்திருக்கிறார்.

மூவரில் இளவயசுப் போலீஸ்காரன் ஒருவனின் முகத்தைப் பார்த்தேன். அவனும் பயந்துபோயிருந்தான், அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"மாமா, கீழ போடுங்க! கையைத் தூக்குங்க மாமா!"

மூன்று பேர் ஆங்கிலத்தில் கத்தியது அவர் மூளையில் ஏறவில்லை, என் குரல் ஏறிற்று. ஜமுக்காளம் தொப்பென்று விழுந்தது. இரண்டு கையும் மேலே போயின, விரல்கள் எல்லாம் விரிந்து. அதற்குள் ஒரு துப்பாக்கி என் பக்கம் திரும்பிவிட்டது. பின்னாலிருந்து ரோஷினி, "அம்மா, ஹேண்ட்ஸ்!" என்று அலறினாள். நானும் தூக்கினேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு ஒரு பெண் போலீஸ் சொல்லித்தான் தெரியும், குழந்தை தன் இரண்டு கையையும் முன்சீட்டு முதுகின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாளாம். யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இவரைத் தார் ரோட்டில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினார்கள். புதுச் சட்டையின் பொத்தான் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. இவர் தலையை என் பக்கம் திருப்பி, "அம்மிணி, பயப்படாத, நம்மகிட்ட லைசென்ஸ் எல்லாம் இருக்குது," என்றார். எந்த லைசென்ஸ்? டிரைவிங் லைசென்ஸ்தான் இருந்தது.

உள்ளே ஒரு மணி நேரம். துப்பாக்கியின் கட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, ரத்தமா என்று கேட்டார்கள். ஆயுத பூஜைக் குங்குமம், நான் துடைக்காமல் விட்டது. நகத்தால் சுரண்டிக் காட்டினேன். சாமி கும்பிட்டோம் என்றேன். துப்பாக்கியையா என்று கேட்டார்கள். அன்றைக்கு மிக்ஸியையும்தான் கும்பிட்டோம் என்று சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது.

கடைசியில் வயதான சார்ஜென்ட் ஒருவர் வந்து விலங்கைக் கழற்றச் சொன்னார். நல்ல மனுஷன், குரலே தணிந்துதான் இருந்தது. அது வெறும் மசோதா அம்மா, இன்னும் சட்டமே ஆகவில்லை, ஆகாமலும் போகலாம் என்றார். சட்டமே ஆனாலும் பதிவு பண்ணச் சொல்வார்களே தவிர, இப்படித் தூக்கிக்கொண்டு வரச் சொல்ல மாட்டார்கள் என்றார். உங்கள் துப்பாக்கி இன்றைய தேதிக்கு முழுக்கச் சட்டப்படியானது, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார்.

இதற்கா? இல்லாத சட்டத்துக்கா என் புருஷனைச் சாகக் கொடுக்க இருந்தேன்?

இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சார்ஜென்ட் மூன்று தடவை கேட்டார், உறுதிதானா, உறுதிதானா என்று. பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவை: ஒரு துப்பாக்கி, ஒரு ஜமுக்காளம். எனக்கு வேண்டிய ரசீது கிடைத்துவிட்டது. ஜமுக்காளத்தைத் திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் டக்குக்கு எப்படியோ தெரிந்து போன் பண்ணினார். கோபமாகப் பேசினார், நிஜமாகவே இவருக்காக வருத்தப்பட்டார். அடுத்த வாரம் சாக்ரமென்டோவில் மசோதா பற்றி மக்கள் கருத்தைக் கேட்கிறார்கள், அதை எதிர்க்கிறவர்கள் எல்லாரும் போகிறோம், நீயும் வந்து உனக்கு நடந்ததைச் சொல் கேரி என்றார். இவர் கேட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே டக் என்றார். என்னிடமும் அதையேதான் சொன்னார். மணிக்கட்டில் விலங்கின் தடம் மறைகிற வரைக்கும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். நான் அழுதால், "அதான் ஒண்ணும் ஆவலியே, விடு அம்மிணி," என்பார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்டர்வியூ நன்றாக நடந்தது. ரசீதை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு போனேன், ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. போலீஸ் கைது பண்ணியதுண்டா என்று கேட்டபோது கைது பண்ணவில்லை, விட்டுவிட்டார்கள் என்று இவர் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாராம். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாராம். அடுத்த கேள்வி, சட்டம் கேட்டுக்கொண்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா என்பது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றார் காரில் வரும்போது.

மூன்று மாதம் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் சத்தியப் பிரமாணம். பெரிய மண்டபம், ஆயிரம் பேராவது இருப்பார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்வையாளர் மாடியில் ரோஷினி வீடியோ கேமராவை எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வலது கையை உயர்த்துங்கள் என்று மேடையிலிருந்து கட்டளை மாதிரி ஒரு குரல் வந்தது.

ஆயிரம் கைகள் மேலே போயின. நானும் உயர்த்திவிட்டுச் சிரிப்போடு இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

இவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். விரல்கள் எல்லாம் விரிந்திருந்தன. கண் நேராக எதிரே நிலைத்திருந்தது, உதடு மட்டும் மேடையில் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா," என்றேன் மெதுவாக. "ஒரு கை போதுங்க மாமா."

அவருக்குக் கேட்கவில்லை. இடது கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன், மரம் மாதிரி நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் சிரித்தான். மாடியில் ரோஷினி கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள்.

பிரமாணம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. நான் அவர் கையை விட்டேன். என் இடது கையையும் தூக்கிக்கொண்டு, மீதியைச் சொல்லி முடித்தேன்.