நான் போகாத ஜெர்மனிக்கு ஒரு பயண அறிக்கை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. என் கணவர் திருமூர்த்தி கோவையில் சனி ஞாயிறு மட்டும் எம்.பி.ஏ. படிக்கிறார். இப்போது வகுப்போடு ஜெர்மனிக்குப் போயிருக்கிறார். நான் பல்லடத்தில் தறியையும் பார்த்துக்கொண்டு, அவருடைய பயண அறிக்கையையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அவர் போன பயணத்துக்கு.

2

முதல் தொடக்கம்: "ஸ்டுட்கார்ட் நகரின் குளிர்ந்த காலையில், நெசவு இயந்திரத் தொழிற்சாலைக்குள் நாங்கள் நுழைந்தபோது..."

(நாங்களாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தத் தொழிற்சாலையின் தறிகள்..."

தறிகள் என்ன செய்தன? எனக்கு எப்படித் தெரியும்? அனுப்பிய படம் எல்லாவற்றிலும் அவர்தான் நிற்கிறார். தறி அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. போனில் கேட்டேன்.

"ஏனுங்க, அங்க ஒரு ஆளு எத்தன தறி பாக்கறாங்க?"

"அதெல்லாம் ஆரு எண்ணுனா கண்ணு? நீயே ஏதாச்சும் எழுதிப்போடு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கிருபாசங்கர் சாருக்கு மெயில்ல போயிரோணும்."

கிருபாசங்கர் அவருடைய பேராசிரியர்.*

* நுழைவுத் தேர்வை நாங்கள் இருவரும் எழுதினோம். எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். "ரெண்டு பேரும் காலேஜுக்குப் போயிட்டா தறிய ஆரு பாக்கறது?" என்றார் மாமியார். அடிக்குறிப்பில் போடுகிற விஷயமா இது? இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் இதற்கு இவ்வளவுதான் இடம்.

3

கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டும். பூஜிதாவைப் பிடித்தேன். அவருடன் படிக்கிறவள், மில்காரர் வீட்டுப் பெண். பாதிப் படங்களில் அவர் பக்கத்திலேயே நிற்கிறாள். அவர் கழுத்தில் கிடக்கும் மஃப்ளர் நான் வாங்கிக் கொடுத்ததல்ல. ஆத்திரம் தீர அவளைக் கெட்டவளாக எழுதிவைத்திருந்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? திருமூர்த்தி அண்ணனோட ப்ராஜெக்ட்டெல்லாம் நீங்கதான் எழுதறீங்கன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க. என்னோட ரிப்போர்ட்டையும் எழுதித் தர்றீங்களா? அண்ணன் மஃப்ளர் வாங்குன கடையிலயே உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரேனுங்க."

"எல்லாத்துக்கும் எப்படித் தெரியும்?"

"அண்ணனே பெருமையா சொல்லுவாருங்க."

வயிறு எரிந்தது. அவள்மேல் இல்லை. படிப்பது யார் என்று வகுப்புக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விமானத்தில் என் சீட்டில் அவரை உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

4

முடிவுகள்.

அ. அறிக்கையை ஒழுங்காக அனுப்புகிறேன். அவர் பாஸ். பட்டமளிப்பு விழாவில், கறுப்பு அங்கியில் நிற்கும் அவரை நான் படம் எடுக்கிறேன்.

ஆ. எதையும் அனுப்பாமல் லேப்டாப்பை மூடிவிடுகிறேன். அவர் ஃபெயில். சொந்தபந்தமெல்லாம் என்னைத்தான் பேசும்.

இ. அவர் திரும்பி வந்து, "அடுத்த வருஷம் நீ படி கண்ணு" என்று

(இதற்கு மேல் எழுத முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.)

5

அவருடைய மெயிலைத் திறந்து வைத்திருக்கிறேன். அறிக்கை முடிந்துவிட்டது. நேரில் பார்த்தவர் எழுதியதுபோல நன்றாகவே வந்திருக்கிறது. அதை இணைப்பதா, இந்தக் கதையை இணைப்பதா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிருபாசங்கர் சார், இந்த வரி உங்கள் கண்ணில் பட்டால், எதை அனுப்பினேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுவதாக இருந்தால், என் பெயர் அக்ஷயா.