கரண்ட், தண்ணீர் உட்பட

ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "சாரா! மேல இன்னா ஓடுது?"

"மிஷினும்மா. கால் மிஷினு."

பதில் சொன்ன கையோடு எழுந்துபோய் ஃபேனை ஒன்றில் வைத்தேன். எனக்கு இது வியாதியாகவே ஆகிவிட்டது. வாடகையில் கரண்டும் தண்ணீரும் சேர்த்தி என்றபோது அதிர்ஷ்டம் என்று குதித்தேன். எனக்கு நன்றாக வேண்டும்! இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், அதுவும் அவர்கள் வாசலில். அதில் ஒரு சிவப்பு விளக்கு. கரண்ட் அதிகம் இழுத்தால் வேகவேகமாக மின்னும். வீட்டுக்கார அமிர்தவல்லியம்மா கீரை ஆய்வதுகூட அதைப் பார்த்துக்கொண்டுதான். திருப்போரூரின் மே மாத வெயிலில் மாடி கொதிக்கிறது, பிள்ளை முதுகெல்லாம் வேர்க்குரு. நானோ குளிக்கும்போதும் காதைக் கீழேயே வைத்திருக்கிறேன்.

ஆனாலும் இந்த வீட்டை விட முடியாது. இதற்குமுன் ஏழு வீடு பார்த்தோம். எந்த ஊர் என்று கேட்பார்கள், அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள், அப்புறம் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இங்கே அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டது அமிர்தவல்லியம்மாவின் மகன் பிரவின்குமார். முட்டுக்காடு படகுத்துறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்கா" என்றான். பேசவும் செய்தான்.

அந்தப் பிரவின் இரண்டு மாதமாகச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்குக் கழுத்தில் ஐடி கார்டு தொங்க வாசல் வழியாகப் போவான். கால் மணி நேரத்தில் பின்சந்து வழியாக வந்து, தன் அறையின் பின்கதவைத் திறந்து, ஏசியைப் போட்டுப் படுத்துவிடுவான். வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்குப் போகும் கதவை அவன்தான் பூட்டி வைத்திருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்பக்கம் வருவதேயில்லை. டிவி சத்தத்தில் ஏசி கேட்காது. முதல்நாள் பின்பக்க மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கைகூப்பினான்.

"வேல பூட்ச்சிக்கா. பொண்ணு வேற பாத்துகினு கீறாங்க. சொல்லிடாதக்கா."

சொல்லவில்லை. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்தேன், அவ்வளவுதான். மோட்டார் போடச் சொல்லிக் கெஞ்சாமல் வீடு துடைத்துக்கொள்ளலாம்.

இன்று பில் வந்திருக்கிறது. டிவி சட்டென்று நின்றது.

"சாரா! எங்க வூட்ல ஃப்ரிட்ஜு, டிவி எல்லாத்தயும் அமித்திட்டேன். அப்பவும் லைட்டு பறக்குது. நீயும் எல்லாத்தயும் அமித்து. நின்னுச்சின்னா அது உன் வேலதான். ஒண்ணாந்தேதி வூட்ட காலி பண்ணிடு!"

ஃபேன், பல்பு, அவ்வளவுதான் எனக்கு. இரண்டையும் அணைத்தேன். மிக்சியின் பிளக்கையும் பிடுங்கினேன். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது.

"இன்னும் மின்னிகினேதான் கீது! இன்னாத்த மறைச்சி வெச்சிகீற?"

"ஒண்ணுமில்லம்மா! வேணும்னா மேல வந்து பாருங்க!"

டிவி இல்லாத வீட்டில் ஏசியின் உறுமல் எனக்கே தெளிவாகக் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அவர்களுக்கும் கேட்டுவிடும். ஐயோ, மாட்டிக்கொள்வானே என்று பயந்தேன். அவனுக்காகத்தான் பயந்தேன், சத்தியமாக. பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெளியே மாட்டியிருந்த ஏசிப் பெட்டியின் விசிறி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது.

"நின்னுச்சி பாரு! நின்னுச்சி! இப்ப இன்னா சொல்ற?"

அடப்பாவி! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறான்.

எனக்கு அழுகை வந்தது. ஏழு வீட்டு வாசலிலும் வராத அழுகை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். படியடியில் வாளி நிறைந்திருந்தது. குழாய் முனையில் சொட்டு இன்னும் நிற்கவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். இந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பின்கதவு ஒரு விரல் அளவு திறந்தது. கழுத்தில் கார்டு தொங்கியது. "அக்கா..." என்றான்.

"சாரா! வர்றியா இல்லியா?"

"வர்றேம்மா."

வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். தண்ணீர் தளும்பித் தளும்பி என் காலெல்லாம் நனைந்தது. பிள்ளை குனிந்து அந்தத் தண்ணீரை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.