ஹெரால்டுக்கு ஒரு ரேடியேட்டர்

மரக்காணத்தில் அந்தப் பழைய ஹெரால்டு காரை வாங்கலாம் என்று முதலில் சொன்னது விஜயலட்சுமிதான். உப்பள முதலாளி ஒருவரின் கொட்டகையில் பல வருடங்கள் நின்று, கதவுகளின் அடிப்பாகமெல்லாம் உப்புக் காற்றில் அரித்துப்போன வண்டி. அவளுடைய கணவர் செல்லப்பன் அப்போதுதான் அரசு பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"இருபத்தொம்பது வருஷம் ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனீங்க. நான் ஏறினா மட்டும் 'டிரைவருடன் பேசாதீர்'னு போர்டு. இனிமே பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வரணும்" என்றாள்.

மூன்று வருடம் இருவருமாக அந்த வண்டியை உயிர்ப்பித்தார்கள். துருவைத் தேய்த்தது பெரும்பாலும் அவள்தான். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மொத்தமாகச் சாய்ந்துகொள்ளும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். அதுவே அவளுடைய இடமாகிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்து, செல்லப்பனுக்கே தெரியாத பாகங்களின் பெயரெல்லாம் பேச ஆரம்பித்தாள்.

கடைசியில் ரேடியேட்டர்தான் தொல்லை கொடுத்தது. வண்டியோடு வந்தது செம்பும் பித்தளையுமான பழையது. ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரம் நிற்காது. செல்லப்பன் பழைய நண்பர் ஒருவரிடம் சொல்லி, சென்னையிலிருந்து புது அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை பஸ்ஸில் வரவழைத்தார். வேறு ஏதோ காருக்குச் செய்தது. இரண்டு அங்குலம் அகலம் அதிகம்.

"ரெண்டு இஞ்ச்தான் விஜயா. இந்த இரும்புப் பட்டையை வெட்டிட்டா அழகா உக்காந்துடும்" என்று கட்டிங் மெஷினை எடுத்தார்.

அவள் பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எலும்பு எலும்பா சேத்து நிக்க வெச்சிருக்கோம். இப்ப போயி வெட்டுறேன்றீங்களே."

"இது புதுசு. எலக்ட்ரிக் ஃபேன் வேற இருக்குது. மே மாசத்துலகூட சூடாவாது."

"எடுங்க மெஷினை அந்தாண்ட."

இரண்டு நாள் பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் அவளே வழி சொன்னாள். பெரிய முதலியார்சாவடியில் ரேடியேட்டர் வேலை செய்யும் காசிலிங்கத்திடம் இரண்டையும் காட்டுவது. அவர் பேச்சைக் கேட்பது. அலுமினியத்தைப் பின் சீட்டில் போட்டு, இரண்டு கேன் தண்ணீரோடு காலையில் கிளம்பினார்கள்.

உப்பளங்களைத் தாண்டுவதற்குள்ளேயே சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டியபோது பானெட் இடுக்கெல்லாம் ஆவி. எஞ்சின் கொஞ்சம் ஆறக் காத்திருந்து ஒரு கேனை ஊற்றினார். நின்ற இடத்திலேயே பாதி ஒழுகிவிட்டது. இரண்டாவதை எடுத்தபோதுதான் மூடி சரியாக இல்லாமல் அதுவும் காலியாகிவிட்டது தெரிந்தது. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகளில் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது.

செல்லப்பன் காலி கேனோடு பாத்தியைப் பார்ப்பதை, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கவனித்துவிட்டாள்.

"அண்ணே, அந்தத் தண்ணிய ஊத்திடாதீங்க" என்று வரப்பில் ஏறி வந்தாள். காலைத் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். முழுக்க வெடிப்பு. "மனுஷன் தோலையே இந்தப் பாடு படுத்துது. தகரத்தை விடுமா?"

அவள் பெயர் ஆராயி. தாங்கள் குடிக்க வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்தாள். செல்லப்பனுக்கு வாங்க மனமில்லை. வெயிலில் நிற்பவர்களின் குடிதண்ணீர். ஆராயியே பாதியைக் கேனில் சாய்த்துவிட்டாள். எஞ்சின் இன்னும் ஆற வேண்டியிருந்தது. அதற்குள் விஜயலட்சுமி வரப்பில் உட்கார்ந்து, ஆராயி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாங்காயைக் கடித்துக்கொண்டு, கணவரைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கடைவரை அந்தத் தண்ணீர் தாங்கியது. அங்கிருந்து பெரிய கேன் ஒன்றை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆராயிக்கு அனுப்பிவிட்டு, வழியில் இன்னும் ஐந்து இடத்தில் நின்று, மத்தியானம் காசிலிங்கத்தின் கடையை அடைந்தார்கள்.

அவர் பழையதைக் கழற்றித் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார். பொரி பொரியாகக் குமிழி வந்தது.

"மேல் டேங்க், கீழ் டேங்க் ரெண்டும் கெட்டியா இருக்குதுண்ணே. நடுவுல தண்ணி ஓடுற கோர்தான் செத்துப்போச்சு. புது செம்பு கோர் போட்டுத் தர்றேன். ரெண்டு வரிசைக் குழாய்க்கு பதிலா மூணு வரிசை. எதையும் வெட்ட வேணாம்."

"இந்த அலுமினியம்?"

"இதுவும் நல்லாத்தான் ஆத்தும். ஆனா ஓட்டை விழுந்தா என்னால பத்த வைக்க முடியாது. செம்புன்னா எந்த ஊர்லயும் ஒருத்தன் இருப்பான்."

செல்லப்பன் அலுமினியத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஒருவாட்டி கூனிமேடு கிட்ட பஸ் சூடாயி நின்னுபோச்சு. உச்சி வெயில். புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு ரோட்டுலயே மயங்கி விழுந்துட்டா. உன்னை அப்படி எங்கியும் நிக்க வெக்கக் கூடாதுன்னுதான் இதை வாங்கினேன்."

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. "அந்தப் பொண்ணுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"தண்ணி தெளிச்சதும் எழுந்துட்டா. எனக்குத்தான் இன்னும் ஆறலை."

விஜயலட்சுமி அலுமினியத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப அதையே போடுங்க. ரெண்டு இஞ்ச்தானே, வெட்டிக்கலாம்."

செல்லப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். புடவையெல்லாம் உப்புத் தூசி; வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னிக்கு ஏழு இடத்துல நின்னோம். நீ மாங்கா தின்னுக்கிட்டு உக்காந்திருந்த. நான்தான் பயந்து சாவுறேன்" என்றவர் காசிலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "செம்பே போடுங்க. மூணு வரிசை."

அலுமினியத்தைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து, கடை வாசலிலேயே ரேடியேட்டரை ஏற்றினார்கள். கடைசி ஹோஸ் கிளிப்பை முறுக்கியது விஜயலட்சுமி. ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டும், அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரம்மதேசம் கோயிலுக்குக் கிளம்பினார்கள். விஜயலட்சுமி பேச நிறைய வைத்திருந்தாள். கதவு ரப்பர், அடுத்து அடிக்க வேண்டிய பெயிண்ட், குரூப்பில் யாரோ போட்ட பொய். நல்ல வெயில். முள் பாதிக்கு மேலே ஏறவில்லை. அதைக் காட்டலாம் என்று செல்லப்பன் திரும்பினார். அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

எதிரே ஒரு மாட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. செல்லப்பனின் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. தூங்குகிறவளைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். கடைசி மாடும் இறங்கிப் போகும்வரை, எஞ்சினை அணைக்காமல், சும்மா உட்கார்ந்திருந்தார்.