அரிசிக்கு என்ன கேட்பார்கள்?

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை பிற்பகல், வேதமுத்து வீட்டுக்கு வந்தபோது நடைக்கு உள்ளே ஒரு சாக்கு சுவரில் சாய்ந்து நின்றது. விசைத்தறிக் கூடத்துக்குப் போய், அடுத்த வாரமாவது வேலை உண்டா என்று கேட்டுவிட்டு வந்திருந்தான். உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வெயில் தலைக்குள் இறங்கியிருந்தது.

"இது யாரு வீட்டுச் சாக்கு?" என்று கேட்டான்.

அவன் மனைவி சற்குணம் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "நமக்குத்தான். சபையில இருந்து ரெண்டு அக்காமாரு கொண்டாந்து வச்சாவ. ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாவ."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்."

அவன் குத்தவைத்து உட்கார்ந்து சாக்கின் வாயைப் பிரித்தான். அரைச் சாக்கு அரிசி. அதன்மேல் ஒரு பொட்டலம் பாசிப்பயறு, நாலு வட்டு கருப்பட்டி, ரெண்டு கட்டி சோப்பு. எண்ணெய் இல்லை. மஞ்சள் காமாலை கண்டு எழுந்தவனுக்கு எண்ணெய் ஆகாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு தூரம் விசாரித்திருக்கிறார்களே.

"கையெழுத்து எதுவும் வாங்கினாவளா?"

"இல்ல."

"பேரு எழுதினாவளா?"

"ஒண்ணும் எழுதல. பிள்ளையளுக்கு வயிறு சரியா இருக்கான்னு கேட்டாவ, அவ்வளவுதான்."

"தொடாத. அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் கேட்டுட்டு என்னன்னு பாப்போம்."

சற்குணம் அடுப்பைப் பார்த்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

வேதமுத்துவுக்குப் பூர்வீகம் குருவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம். ஒரு பஞ்சத்தில் அவன் அப்பா, ஊர்ப் பெரிய வீட்டில் இருந்து ரெண்டு மரக்கால் கம்பு வாங்கினார். கொடுத்தவர் சிரித்த முகமாகத்தான் கொடுத்தார். கொண்டு போவே, பொறவு பாத்துக்கிடலாம் என்றுதான் சொன்னார். அந்தப் பொறவு ஒன்பது வருஷம் நீண்டது. ஒன்பது வருஷமும் அப்பா அந்த வீட்டு ஆடுகளை மேய்த்தார். கடைசி ரெண்டு வருஷம் வேதமுத்துவும் கூடவே மேய்த்தான். கம்பு அளந்து போட்ட அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

சங்கரன்கோவிலுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. தறி ஓட்டப் பழகி, கூலி கைக்கு வரத் தொடங்கிய நேரத்தில் மின்வெட்டு வந்தது. அந்த எண்பத்துமூன்றாம் வருஷம் பாதி நாள் கரண்டே இல்லை. ஓடின தறிக்குத்தான் கூலி. அதோடு காமாலையும் சேர்ந்துகொண்டது. ஒரு மாதம் கீழாநெல்லியும் மோருமாகப் படுத்துக் கிடந்தான். சபை கூடுகிற வேதக்கோயிலுக்கு மொத்தம் ஐந்தாறு முறை போயிருப்பான். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருவான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தான்.

சாக்கு வந்த மறுநாள், அந்த அரிசியின் விலையைத் தெரிந்துகொள்ளத்தான் ஆராதனைக்குப் போனான். அறிவிப்புகளைக் காது கொடுத்துக் கேட்டான். ஒரு கல்யாண ஓலை, ஞாயிறு பள்ளிப் பரீட்சை, கிணற்றுக்குப் புதுக் கயிறு. அவன் பெயர் வரவில்லை. காணிக்கைப் பை அவனைத் தாண்டிப் போனபோது கழுத்து வேர்த்தது. பை பிடித்திருந்தவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் சபையின் செயலர் தவமணி வாத்தியார் நின்றார். இவன் கிட்டே போய் நின்றான்.

"வாங்க வேதமுத்து, உடம்பு எப்படி இருக்கு? கண்ணு வெளுத்திட்டே," என்றார் அவர்.

"சார், அந்த அரிசி..."

"நல்ல அரிசியா? போன தடவை கல்லு கிடந்துன்னு ஒரு வீட்டுல சொன்னாவ."

"நல்ல அரிசிதான் சார்."

"அப்ப சரி," என்றவரை யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். வேதமுத்து கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே நின்றான். பேரும் தெரிந்திருக்கிறது, கண்ணின் நிறமும் தெரிந்திருக்கிறது. கேட்க மட்டும் மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க அவனால் முடியவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் வேதக்கோயில் வளாகத்துக்குப் போய் முழுவதும் கூட்டினான். செவ்வாய்க்கிழமை வேலியோரத்துக் கருவேலம் புதரை வெட்டினான். நாலு வெட்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினான். புதன்கிழமை, அங்கே கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற மாசிலாமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அறுபது வயது தாண்டிய மனிதர்.

"என்னவே, உம்ம வேலைக்கு வச்சிருக்காவளா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு எதுக்கு என் வேலையச் செய்தீரு? எனக்கு முடியலைன்னு யாரும் சொன்னாவளா?"

இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவன் கையில் இருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போய் முறையிட்டார். போதகர் வேதமுத்துவை அழைத்து உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"கடனைக் கழிக்கத்தான் ஐயா செய்தேன்," என்றான்.

"என்ன கடன்?"

"அரிசிக் கடன்."

"அது கடன் இல்லையே."

"அப்ப அது என்னது ஐயா?"

போதகர் வாயெடுத்தவர் நிறுத்தினார். பிரசங்கத்தில் சொல்வதைப் போல இதைச் சொல்ல முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "நம்ம சபையில ஒவ்வொரு வீட்டுலயும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனியாப் போட்டு வைக்காங்க. வாரக் கடைசியில அதைச் சேத்து, முடியாம இருக்கிற விசுவாசிகளுக்குக் குடுக்கோம். சபை குடுத்தது, அவ்வளவுதான்."

"சபைன்னா யாருய்யா? ஆளைச் சொன்னா நான் போயிப் பாத்துக்கிடுதேன்."

"எல்லாரும்தான். நீயும் சபைதான்."

வேதமுத்து வீடு வந்து சேரும்வரை அதை யோசித்தான். அவனும் சபை என்றால் அவனே அவனுக்குக் கொடுத்துக்கொண்டானா? ஒரு பிடி அரிசிகூட அவன் எடுத்துப் போட்டதில்லையே. போதகர் விளக்கிச் சொல்லப்போய் முன்பைவிடக் குழப்பம் கூடிப்போனது.

இரண்டு வாரம் கழித்து அடுத்த சாக்கு வந்தது. அதற்கும் இரண்டு வாரம் கழித்து மூன்றாவது. அதில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டையும் இருந்தது. அவன் இப்போது தொடாதே என்று சொல்வதில்லை. ஆனால் சாப்பிடும்போது யாராவது கதவைத் தட்டினால் கை நின்றுவிடும்.

ஆவணி கடைசியில் கரண்டு கொஞ்சம் சீரானது. தறியில் ஒரு ஷிப்டு நிரந்தரமாகக் கிடைத்தது. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை மாலையில் தவமணி வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்.

கேட்கிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் வேதமுத்து.

"சைக்கிள் மிதிக்கத் தெம்பு இருக்கா?" என்று கேட்டார் வாத்தியார். "குருவிகுளம் ரோட்டுல ஆறு மைல். ஏசுவடியான்னு ஒரு விசுவாசி, பனையில இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்காரு. நாளைக்கு அங்கன ஒரு சாக்கு கொண்டுபோகணும். கொண்டுபோற பையனுக்குப் பரீட்சை."

"இவ்வளவுதானா சார்?"

"ஏன், தூரமா?"

"இல்ல இல்ல. போறேன்."

அன்று இரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான். கடைசியில் கேட்டுவிட்டார்கள். ஆறு மைல். அது அவனால் கொடுக்கக்கூடிய விலைதான்.

மறுநாள் எதிர்காற்றில் மிதித்துப் போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. ஓலைக் குடிசை. கூரையில் ஆகாயம் தெரிந்தது. கட்டிலில் ஏசுவடியான் மல்லாந்து கிடந்தான். ஏறக்குறைய வேதமுத்துவின் வயதுதான். ஏசுவடியானின் மனைவி கதவு மறைவில் நின்றாள். வேதமுத்து சாக்கை இறக்கி வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"யாரு குடுத்துவிட்டது?" என்று கட்டிலில் இருந்தவன் கேட்டான்.

"சங்கரன்கோவில் சபை."

"இதுக்கு நான் என்ன செய்யணும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் வேதமுத்து வாயைத் திறந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இவன் அதை நம்பப்போவதில்லை. நம்பாத மனுஷனுக்கு இந்தச் சோறு எப்படி இறங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "தெரியல," என்றான்.

"தெரியாமலா கொண்டுவந்தீரு?"

"எனக்கும் மூணு தடவை வந்துச்சு. காமாலையில கிடந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல. நானாக் கேட்டுப் பாத்தேன். அவங்க சொன்னது எனக்குப் புரியல."

"எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு மாசம் ஆகப்போகுது."

"இனிமே கேப்பாவளோ?"

"நேத்துத்தான் கேட்டாவ. இதைக் கொண்டுபோகச் சொல்லி."

ஏசுவடியான் சாக்கையும் இவனையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, "ஏட்டி, உலை வையி," என்று மனைவியிடம் சொன்னான். வேதமுத்து எழுந்து வெளியே போய்க் கூரையைச் சுற்றிப் பார்த்தான். வடக்குப் பக்கம் ஓலை முழுக்க மக்கிப்போயிருந்தது. ஐப்பசி மழை இறங்கினால் கட்டிலில் கிடப்பவன் நனைவான்.

திரும்பி வந்ததும் நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனான். "சார், இத்தோட சரியாப் போச்சா?"

"எது?"

"எனக்குத் தந்ததுக்கு."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. "வேதமுத்து, உம்மகிட்ட வசூல் பண்ண நான் வரல. ஆள் இல்லைன்னுதான் வந்தேன். உமக்கு முடியலைன்னா வேற ஆளைப் பாத்திருப்பேன். அடுத்த தடவைக்கு அந்தப் பையனே போயிருவான்."

அப்படியானால் இந்த ஆறு மைலும் விலை இல்லை. வேதமுத்துவுக்கு நேற்றுக் கிடைத்த நிம்மதி போய்விட்டது. ஆனாலும் அவன் வாயில் இருந்து வந்தது வேறு.

"அவனுக்குக் கூரை மேயத் தெரியுமா சார்?"

"யாருக்கு?"

"அந்தப் பையனுக்கு. அங்கன வடபக்கம் ஓலை மாத்தணும். மழைக்கு முந்தி ஆகணும். நானே போறேன்."

மறுவாரம் ஏசுவடியான் குடிசையில் நாற்பது ஓலை, சபையார் இருவர், வேதமுத்து. ஒரே நாளில் வேலை முடிந்தது. அந்த இருவரில், கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தவர் மாசிலாமணி. இவன் கட்டிய முடிச்செல்லாம் தளர்ச்சி என்று நாள் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

சற்குணம் அடுப்படியில் ஒரு தகர டப்பா வைத்திருப்பதை அவன் அதற்குப் பிறகுதான் கவனித்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் விழுந்தது. எப்போது தொடங்கினாள் என்று கேட்டான். "ரெண்டாவது சாக்கு வந்த அன்னைக்கே," என்றாள். "அவங்க குடுத்த அரிசியில இருந்தா?" என்றான். "வேற எந்த அரிசி இருந்துச்சு நம்மகிட்ட?" என்றாள். இது கணக்கில் எப்படிச் சேரும் என்று அவன் யோசித்துப் பார்த்து, விட்டுவிட்டான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்கியபிறகு ஏசுவடியான் கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தான். பஸ்ஸில் வந்திருந்தான். வேதமுத்து நகர்ந்து இடம் கொடுத்தான். பாட்டு முடிந்து எல்லோரும் உட்காரும்போது ஏசுவடியான் அவன் காதருகே குனிந்து கேட்டான். "இங்கன யாரைப் பாத்துக் கேக்கணும்?"

"எதை?"

"நான் என்ன செய்யணும்னு."

வேதமுத்து முன்வரிசையில் இருந்த வாத்தியாரின் முதுகைப் பார்த்தான். அவரைக் காட்டலாம். அவரும் அரிசி நன்றாக இருந்ததா என்றுதான் கேட்பார். போதகரைக் காட்டினால் இன்னும் குழம்புவான்.

"முதல்ல உக்காரு," என்றான். "மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிடு. பொறவு பஸ் ஏத்தி விடுதேன்."

"சாப்பாட்டுக்கு..." என்று ஏசுவடியான் இழுத்தான்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன்வே," என்றான் வேதமுத்து. சொன்ன பிறகுதான், தான் அதைச் சொல்லிவிட்டது அவனுக்கே உறைத்தது. ஏசுவடியான் நம்பினானா என்று தெரியவில்லை. கம்பை இருவருக்கும் நடுவில் தரையில் கிடத்திவிட்டு, ஒடிந்த இடுப்பை மெல்ல நகர்த்தி, வசதியாக உட்கார்ந்தான்.